சிவப்பு நூல் கட்டிய செடி

அடுகோடியில் எங்கள் வீட்டுச் சாவி மாட்டும் ஆணியில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் தொங்குகிறது. அவிழ்க்காத முடிச்சோடு, சின்ன வளையமாக. அது ஒரு மிளகாய்ச் செடியின் தண்டில் இருந்தது, பிள்ளைகளே.

அத்திபெலே பக்கம் ஒரு விதை ஆராய்ச்சித் தோட்டத்தில் நான் வேலை பார்த்தேன். மேடம் ஒருவர் அங்கே புது மிளகாய் ரகம் உருவாக்கிக்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணா என்பார். ஒரே மண், ஒரே தண்ணீர்தான். ஆனாலும் அங்கே ஒரு செடி போல் இன்னொன்று இருக்காது. ஒன்று படர்ந்து கிளைக்கும், ஒன்று ஒல்லியாக உயரும். ஒன்றில் காய் நீளம். இன்னொன்றில் குட்டை, ஆனால் கொத்துக் கொத்தாக. இந்த வித்தியாசம் பிறவியிலேயே வருவது. நல்லதை நல்லதோடு சேர்த்தால்தான் விவசாயிக்கு நிறையக் காய்க்கும் செடி கிடைக்கும் என்று மேடம் ஒவ்வொரு செடியாகக் குனிந்து அளப்பார். தேறிய செடிக்குச் சிவப்பு நூல் கட்டுவார்.

அந்த வருஷம் இலைப்பேன் வந்தது. கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாத பூச்சி. இலை சுருண்டது, பூ கொட்டியது. மருந்து ஷெட்டிலேயே இருந்தது. மேடம் அடிக்கக் கூடாது என்றுவிட்டார். அடித்தால் எல்லாமே பிழைத்துவிடும். தானாகத் தாங்கும் செடி எது என்று தெரியாமலே போய்விடும். அதனால் தினமும் போய், அவை சாவதைப் பார்த்துவிட்டு வந்தோம்.

"மருந்தப் பூட்டி வெச்சிட்டு நோயாளியப் பாக்குற டாக்டரம்மா நம்ம மேடம்தான்" என்று களையெடுக்கும் அக்கா சொன்னது அவர் காதில் விழுந்தது. குனிந்து அடுத்த செடியை அளக்கப் போனார்.

நூல் கட்டிய செடிகள் எல்லாம் போயின. ஓரத்தில், யாரும் மதிக்காத ஓர் ஒல்லிச் செடி மட்டும் பச்சையாக நின்றது. மேடம் செத்த செடியிலிருந்து நூலை அவிழ்த்து அதற்குக் கட்டினார்.

"இதோட பலமும் மத்ததோட காய்ப்பும் ஒண்ணு சேரணும்ணா."

சேர்க்க வேறு செடியில் பூவே இல்லை. இதன் விதையையாவது காப்போம் என்று, வெளி மகரந்தம் படாமல் பூக்களுக்குக் காகிதப் பை மாட்டினோம். அதற்குள் கோடை வெயில் ஏறிவிட்டது. பையைத் திறந்தால் உள்ளே உதிர்ந்த பூதான். இப்போதாவது மருந்து அடிக்கலாமா என்று கேட்டேன்.

"இதுக்குப் பூச்சியே இல்லண்ணா. வெயிலுக்கு எங்க போய் மருந்து வாங்குறது?"

ஒரே ஒரு காய் பிடித்தது. பழுத்ததும் மேடம் உள்ளங்கையில் வைத்துப் பிளந்தார். எல்லாம் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு விதை. ஈரத்துணியில் போட்டுப் பார்த்தோம், முளைக்கவில்லை. செடியும் காய்ந்தது. அதைப் பிடுங்கிய அன்று வேரை நறுக்கிவிட்டு, முடிச்சை அவிழ்க்காமல் நூலை உருவிக்கொண்டேன்.

இப்போது பால்கனியில், பெயிண்ட் டப்பாவில் என் மகள் வைத்த மிளகாய்ச் செடியும் சுருள்கிறது. மருந்து அடிக்கட்டுமாப்பா என்கிறாள். அடிம்மா என்றேன்.

அந்த ஒல்லிச் செடியின் பிள்ளைகள் எவ்வளவு காய்த்திருக்கும் என்று மேடத்துக்கும் தெரியாது. அதன் தண்டு எவ்வளவு பருமன் என்பது மட்டும் இந்த வளையத்துக்குள் இருக்கிறது. என் மகளின் சுண்டுவிரல்தான் அதில் நுழைகிறது.