வலது முன் பலூன்

பாம்புக்காது என்று அவருக்குப் பெயர் வைத்ததே அந்த ஷெட்காரர்கள்தான். அடுப்பு, கட்டில், குளியலறை என்று ஒரு வீட்டையே சுமந்துகொண்டு ஊர் சுற்றும் வண்டிகளுக்கு அங்கே வைத்தியம். சக்கரத்துக்கு மேலே இருக்கும் ரப்பர் பலூன்களில் காற்று நின்றால்தான் வண்டி மட்டமாக நிற்கும். எங்கேயாவது கசிந்தால் ஒரு மூலை இறங்கி, உள்ளே தூங்குகிறவர் கட்டிலிலிருந்து உருள வேண்டியதுதான். பாம்புக்காது வண்டிக்கு அடியில் நுழைந்ததும் கம்ப்ரஸரை நிறுத்துவார்கள், ரேடியோவை அணைப்பார்கள், ஒருத்தரும் மூச்சுக் காட்ட மாட்டார்கள். கண்ணை மூடிப் படுத்தபடியே, எந்த மூட்டில் கசிகிறது என்று அவர் சொல்லிவிடுவார்.

அந்தக் காது செத்துப்போய் வெகுநாள் ஆகிவிட்டது. மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அடியில் போனதும் புறங்கையை நாக்கால் நனைத்து, மூட்டு மூட்டாகக் காட்டுவார். காற்று பட்டால் ஜில்லென்று இருக்கும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிற இடம் காது கேளாதவருக்கு எவ்வளவு சௌகரியம்! இதை விட்டால் வேறு எவன் அவரைச் சேர்ப்பான்?

ஷெட்டின் முதலாளி வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பிதான். வண்டி இறங்கும்போது யாராவது கத்தினாலும் இவருக்குக் கேட்காதே என்று பயந்துபோய், அவள்தான் தம்பியிடம் சொன்னாள். மனசு நோகாமல் வேறு வேலைக்கு மாற்றிவிடு என்று கெஞ்சினாள். அவனும் தலையாட்டினான். ஆனால் நோகாமல் செய்வதில் அவனுக்கு என்ன சுவாரசியம்?

மறுநாள் ஒரு வண்டி வந்தது. நிறுத்தி வைத்தால் இடது பின்மூலை இறங்குகிறதாம். முதலாளி ஆட்களிடம் விஷயத்தை உடைத்துவிட்டு, நல்லபடியாக இருந்த வலது முன் பலூனின் குழாய் நட்டைத் தன் கையாலேயே தளர்த்தினான். அது சீறிய சீற்றத்தில் வாசலில் நின்ற வண்டிக்காரரே திரும்பிப் பார்த்தார்.

பாம்புக்காது வழக்கம்போல நாலு மூலையிலும் மரக்கட்டை வைத்துவிட்டு, நேரே கோளாறு சொன்ன மூலைக்கு ஊர்ந்து போனார். பலூன் மடிப்பில் மயிரிழை விரிசல் கையில் பட்டது. பிடித்தே விட்டார், பாவி மனிதர். முகமெல்லாம் பூரிப்பாக வெளியே வந்தார்.

"மத்ததெல்லாம் எப்படி மாமா?" என்றான் முதலாளி, உதடு நன்றாகத் தெரியும்படி.

"எல்லாம் சுத்தம் மாப்ள. ஒரு சத்தமில்ல."

ஷெட்டே குலுங்கிச் சிரித்தது. சிரிக்கிற வாய்களைப் பார்த்து, தன் கெட்டிக்காரத்தனத்துக்குத்தான் என்று நினைத்து அவரும் சிரித்தார். முதலாளி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்களிடம் சொன்னான்: "நாளையிலேருந்து இவர் வர வேணாம்."

"பலூன் வாங்கி வைங்க மாப்ள," என்றார் அவர். "காலையிலேயே வந்து மாட்டிடறேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் கண் போன பக்கம் அவரும் திரும்பினார். வண்டியின் வலது முன்மூலை இறங்கி மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. குனிந்து, ஈரம் காயாத புறங்கையை உள்ளே நீட்டினார். மிச்சக் காற்று ஜில்லென்று அடித்தது. நட்டில் ஸ்பானர் பட்ட தடம் புதிதாக மின்னியது.

காற்று தீர்ந்து கை காய்கிற வரைக்கும் அவர் நிமிரவில்லை. இந்த விஷயம் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். இனி அவளிடம்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.