இருபத்தைந்து கையெழுத்து

“கிளை நூலகர் என்பவர் பொதுமக்களை நூலகத்தின்பால் ஈர்த்து, வாசிப்பு வேட்கையைத் தூண்டி, அறிவுச் சமுதாயம் மலர உந்துசக்தியாகத் திகழ்பவர்” என்று பணி விதிகளின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் இந்த நூலகரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஐம்பத்து நான்கு வயதான இந்த அம்மாள் இருபத்தோரு வருடங்களில் யாரையும் ஈர்த்ததில்லை, வந்தவர்களை வடிகட்டினார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘உஷ் மேடம்’ என்று பெயர். அந்தப் பெயரைக் கூட வாசகர்கள் மெதுவாகத்தான் சொன்னார்கள்.

வடிகட்டியை வைத்திருந்த இடம் வாசல் மேஜை. அதன்மேல் வருகை ஏடு. மற்றக் கிளைகளில் மழைக்கு ஒதுங்கினவன், கழிப்பறை கேட்டு வந்தவன் எல்லோரும் அதில் கையெழுத்துப் போடுவார்கள். இங்கே அப்படி நடக்காது. அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்தவர் மட்டுமே வாசகர். பேப்பர் பார்க்க, போனுக்குச் சார்ஜ் ஏற்ற, மின்விசிறிக்கு அடியில் கண்ணயர வருகிறவர்கள் தாராளமாக வரலாம், பேனாவைத் தொடக் கூடாது.

“பேப்பர் சலூன்லயும் இருக்கு. அங்க என்ன ஏடா வெச்சிருக்காங்க?” என்பார்.

இப்படி ஒரு விதி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை, அவராகப் போட்டுக்கொண்டது. பலன், இதில் பாதி அளவே உள்ள பக்கத்துக் கிளை வருடா வருடம் தினசரி தொண்ணூறு வாசகர் என்று கணக்குக் காட்டியது. இவர் பதினெட்டு என்று எழுதி அனுப்பினார். அந்தப் பதினெட்டில் அவருக்குப் பெருமை வேறு.

தலைமை அலுவலகம் அந்தப் பதினெட்டை அப்படியே நம்பியது. நாளுக்கு இருபத்தைந்து கையெழுத்து தேறாத கிளைகளை மூடுவது என்று முடிவாகி, கடிதம் வந்தது. கடைசி வாய்ப்பாக ஒரு நாள் ஆய்வு. அன்று மாலை நான்கு மணிக்குள் இருபத்தைந்து வந்துவிட்டால் கிளை பிழைக்கும். இல்லையென்றால் புத்தகங்கள் தலைமை நூலகக் கிடங்குக்குப் போகும், நூலகரும் அவற்றோடு.

அந்த நாள் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தார். பேப்பர்களைத் தாள் தாளாகப் பிரித்து மேஜைகளில் பரப்பினார், ஆளுக்கொரு தாள் கிடைத்தால் சண்டை வராது என்பதற்காக. பிறகு, இருபத்தோரு வருடத்தில் முதல் முறையாக, வருகை ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இருக்கை இருக்கையாகப் போனார்.

ஜன்னல் ஓரத்தில் ‘ஆபீஸ்காரர்’. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, காலடியில் சாப்பாட்டுப் பை. நான்கு மாதத்துக்கு முன் வேலை போனது வீட்டுக்குத் தெரியாது. ஒன்பது பத்துக்கு வந்து ஐந்தரைக்குக் கிளம்புவார். நாளுக்கு ஒரு புத்தகம் முடிக்கிற உண்மையான வாசகர். ஏட்டில் மட்டும் இதுவரை இல்லை.

“ஒரு கையெழுத்துப் போடுங்க சார்.”

“வேணாம் மேடம். நான் இங்க இல்ல.”

“என் எதிர்லதானே உட்கார்ந்திருக்கீங்க.”

“இங்க இருக்கேன்னு எழுத்துல வந்துட்டா, ஆபீஸ்ல இல்லைன்னு ஆயிடுமே. உங்க தலைமை அலுவலகத்துலதான் என் மச்சான் வேலை பார்க்கறான். ஏடெல்லாம் அவன் மேஜைக்குத்தான் போகுது.”

நூலகர் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். அங்கே ஓய்வுபெற்ற தபால்காரர் விளையாட்டுப் பக்கத்தில் இருந்தார்.

“பத்து வருஷம் முன்னாடி நான் பேனாவை எடுத்தேன். பிடுங்கி வெச்சீங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அன்னிக்கு நான் வாசகன் இல்ல. இன்னிக்கு எப்படிம்மா ஆனேன்?”

நூலகர் ஏட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். தபால்காரர் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இருந்த இருவர் போடவில்லை. ஒருவர், “எதுக்கு வம்பு” என்று எழுந்தே போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கணவர் போன் செய்தார்.

“எத்தனை தேறிச்சு?”

“பதினாறு.”

“மிச்சத்தை நீயே எழுதிடேன். வர்றவரு பேரைப் பார்ப்பாரா, ஆளைத் தேடுவாரா?”

“நூலகத்துல போன் பேசக் கூடாது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாப்பிடவில்லை. மூன்றே முக்காலுக்கு ஏட்டில் இருபத்தொன்று. அதற்குமேல் நிமிடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அது அவசரமே படவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு தாயும் மகளும் சமையல் புத்தகம் கேட்டு வந்தார்கள். ஒரு நர்ஸ் வந்தாள். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். வாசல் மேஜை அருகே நின்றிருந்த பக்கத்துக் கடைத் தையல்காரர், நூலகர் அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தபோது, என்னவோ குனிந்து பார்த்தார்.

நான்கு மணிக்குச் சரியாக ஆய்வாளர் வந்தார். சின்ன வயது, களைத்த முகம். அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு கிளைகளை மூடியிருந்தார், இரண்டு இடத்திலும் திட்டு வாங்கியிருந்தார். கூடத்தில் முப்பத்தைந்து பேராவது இருந்தார்கள்.

“கூட்டம் நல்லாத்தானே இருக்கு” என்றார்.

“அப்ப தலையை எண்ணிக்கோங்க சார்.”

“தலையை எண்ணச் சொல்லலை மேடம். கையெழுத்தைத்தான்.”

கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு ஏட்டை மூடினதாகக் குறித்தார். பிறகு எண்ணினார். இருபத்தைந்து. அவர் முகத்தில் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு வந்தது.

“தப்பிச்சீங்க. ஒரு தடவை சரிபார்த்து ஒப்பம் போட்டுடுங்க, நான் கிளம்பறேன்.” போன் வர, வெளியே போனார்.

நூலகர் சரிபார்த்தார். பதினோராவது கையெழுத்து தையல்காரருடையது. அடியில் தையல் ஓடினதுபோலச் சின்னச் சின்னக் கோடுகள். இருபத்தைந்தாவது பெயர் வேறு. அதன் அடியிலும் அதே தையல்.

தையல்காரர் மேஜைக்கு எதிரிலேயே நின்றார்.

“இது யாரு?” நூலகர் கேட்டார்.

“என் தம்பி.”

“உங்களுக்கு மூணு அக்காதானே.”

“இன்னிக்கு ஒரு நாள் ஒரு தம்பி இருந்துட்டுப் போகட்டுமே மேடம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “கடையில வெளிச்சம் பத்தலை. நான் இங்க வந்துதான் ஊசி கோக்கறேன். இதுவும் போச்சுன்னா எங்க போவேன், சொல்லுங்க.”

நூலகர் அந்த வரியைப் பார்த்தார். நாள் முழுக்கக் கைநீட்டிக் கேட்டு வாங்கிய பெயர்கள் அதற்கு மேலே வரிசையாக இருந்தன. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் கூடத்தில் இருந்தார், அல்லது இருந்துவிட்டுப் போயிருந்தார். இதற்கு மட்டும் யாரும் இல்லை.

“நான் ஒப்பம் போடணுமே” என்றார். மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது அது.

ஆய்வாளர் திரும்பி வந்து ஏட்டைப் பார்த்தார். “நான் இருபத்தஞ்சுன்னு எண்ணினேனே.”

“ஒண்ணு கூடுதலா எண்ணிட்டீங்க.”

“மேடம், இங்க இத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க, யாராவது ஒருத்தரை...”

“கோடு போட்டாச்சு சார்.”

ஆய்வாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வாங்குகிற திட்டையாவது இந்த இடத்தில் மிச்சம் பிடித்தார். தையல்காரர் நூலகரிடம் சொல்லாமலே போனார், மறுநாளும் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் கிளை மூடப்பட்டது.

ஆய்வு நாளன்று நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நூலகர் இருபத்தைந்தாவது வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் “ஒரே நபர், இரு பதிவு” என்று எழுதி, கூட்டுத்தொகையை இருபத்துநான்கு என்று திருத்தி, ஒப்பம் போட்டார்.