ஆரம்பாக்கத்தில் வாங்கிய கோவேறு கழுதை

கடற்கரையிலிருந்து எங்கள் குப்பத்து ரோட்டுக்கு வர மணலைத் தாண்ட வேண்டும். மீன் ஏற்றிய வண்டி எதுவானாலும் அதில் புதையும். தலைச்சுமையில் என் கழுத்து பிடித்துக்கொண்டபோது, கோவேறு கழுதை ஒன்று வாங்கலாம் என்றார் என் வீட்டுக்காரர்.

ஆரம்பாக்கத்தில் ஒருவர் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் விற்றுவந்தார். முதலில் ஒரு வெள்ளைக் குதிரையை நடத்திக் காட்டினார்.

"மேல குந்திக்கினு டீ குடிக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது. பீச்சுல சவாரி உடு நைனா, ஜனம் அள்ளும்."

உண்மைதான். துள்ளலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. வாய் பிளந்து நின்ற வீட்டுக்காரரை நான்தான் கோவேறு கழுதைகள் பக்கம் இழுத்துப் போனேன். திடமான ஒன்று பிடித்திருந்தது. முன்னங்காலில் மட்டும் ஒரு வடு.

"இது இன்னா?" என்றேன்.

"கம்பி கீச்சிடுச்சும்மா. ஆறிப்போச்சு."

வாசலில் நின்ற அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

அதையே வாங்கி வந்தோம். சில வாரங்கள் நன்றாக உழைத்தது. ஒருநாள் காலையில் தீனியைத் தொடவில்லை. அந்த வடு இருந்த இடத்தைத் தானே கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து வீட்டுக்காரர் உள்ளே கை விட்டுப் பார்த்தார். அது கத்தியது. அப்படியொரு குரலை நான் எந்த மிருகத்திடமும் கேட்டதில்லை.

பொன்னேரியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"இது வாயில யாரு கை வெச்சது?"

மறுநாள் அது செத்தது. ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் வெறிநாய்க்கடி ஊசி போட்டார்கள். அங்கிருந்து நேராக ஆரம்பாக்கம் போனோம். வீட்டுக்காரர் சண்டை போடத்தான் கிளம்பினார்.

எங்களைப் பார்த்ததும் விற்றவரின் மனைவி அழுதாள்.

"அன்னிக்கே சொல்ல வந்தேம்மா. நாய் கய்தைய மட்டும் கடிக்கல. வெரட்டப் போன இவரு கால்லயும் பல்லு பட்டுச்சு. ஊசி போட்டுக்கோனு கெஞ்சினேன். மஞ்சா வெச்சிக் கட்டிக்கினாரு."

உள்ளே அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். அந்த வெக்கையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள்.

"காத்து மூஞ்சில பட்டா தொண்டைய அடைக்குது நைனா" என்றார்.

வீட்டுக்காரருக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. ஆட்டோ பிடித்து வந்து, இரண்டு பக்கமும் போர்வை கட்டி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் என் வீட்டுக்காரரின் கையை விடவேயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை.

அவர் மனைவியும் ஊசி போட்டுக்கொண்டாள். எங்களுக்கும் எல்லா ஊசியும் முடிந்தது. இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் பல மாதம், சோறு போட்டுவிட்டு, வீட்டுக்காரர் முதல் வாய் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.