வாங்காதவர்களும் படம் பார்க்கலாம்

ஏலத்துக்கு வரும் புகைப்படங்களை, வாங்குகிறவர் வாங்காதவர் எல்லாரும் வந்து பார்க்கட்டும் என்று சில நாள் சுவரில் மாட்டி வைப்பார்கள். அந்த நாட்களில் படத்துக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களிடமும் மேனேஜரிடமும் பேச்சு வாங்குவதுதான் என் தொழில்.

கடையிலும் கவுண்டரிலும் நின்று கால் வீங்கிப்போன சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். நான் ரஹாங்கில் குடியிருக்கிறேன். கம்பெனி கோலாலம்பூரில். காசுள்ளவர்கள் வார இறுதியில் கடற்கரைக்கு வருவார்கள் என்று, போர்டிக்சன் போகும் வழியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய துரை பங்களாவில் படங்களை மாட்டுவோம். இப்போது அது ரிசோர்ட்.

இந்த வேலையில் எனக்கு இருக்கும் ஒரே சுகம், கதவு திறப்பதற்கு முந்தின கொஞ்ச நேரம். உலகத்துப் பெரிய கலைஞர்கள் இருட்டறையில் தங்கள் கையாலேயே கழுவி எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. போனில் பார்த்தால் வெறும் இருட்டாகத் தெரிகிற மூலையில், நேரில் ஒரு கதவு தெரியும். கதவில் பிடி, பிடியில் ஈரத்துணி. மழை விட்ட தெரு ஒன்றைப் பார்த்துவிட்டு என் சேலை நுனியைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். அப்புறம் கதவைத் திறந்துவிடுவார்கள். வயிற்றெரிச்சல் தொடங்கும்.

முதுகு பார்க்க வந்தவர்

கோட்டு போட்ட ஒருவர் வந்தார். மழைத்தெருப் படத்தை ஃபிரேமிலிருந்து கழற்றிக் காட்டச் சொன்னார். கழற்றினேன். மேசையில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். கவிழ்த்தேன். பையிலிருந்து டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்து, பின்பக்கத்தில் இருந்த கையெழுத்தையும் முத்திரையையும் ரத்தப் பரிசோதனை போல ஆராய்ந்தார். டார்ச்சை அணைத்தார். கிளம்பிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், படத்தைப் பாக்கலையே?” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முன்பக்கம் நெட்ல இருக்குலா.”

கல்யாண ஜோடி

ரிசோர்ட்டில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வந்த ஜோடி ஒன்று, வெயில் தாங்காமல் எங்கள் கூடத்துக்குள் நுழைந்தது. கூடவே அவர்களுடைய போட்டோகிராபர், கழுத்தில் இரண்டு கேமரா. ‘நம் கலைக்காரர் ஒருவர் வருகிறார், பார்த்து ரசிப்பார்’ என்று நான் வேறு சந்தோஷப்பட்டேன்.

அவர் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிற சுவரைப் பிடித்துப்போனது. ஜோடியை அங்கே நிறுத்தினார். அந்தச் சுவரில்தான், கப்பல் துறைமுகத்தில் கயிற்று மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்கும் தொழிலாளியின் படம் தொங்கியது. எடுத்தவர் காலமாகிவிட்டார், அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது. போட்டோகிராபர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்: “அக்கா, இந்தப் படத்தைக் கொஞ்சம் கழட்டி வைங்க. பேக்கிரவுண்டு கெடுது.”

தூங்கும் பெண்

வெள்ளிக்கிழமை மதியம், ஆள் இல்லாத நேரம். வாசலில் ஓர் அம்மா தயங்கி நின்றார். பெயர் மாரியம்மா. பக்கத்துத் தோட்டத்தில் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. “அனைவரும் வரலாம்னு போர்டுல போட்டிருக்கே, நானும் வரலாமா தங்கச்சி?” என்றார். வரச் சொன்னேன்.

ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றார். கடைசியில் ஒன்றின் முன் நின்றவர் நகரவே இல்லை. ஏதோ வெளிநாட்டு ரயில் நிலையம். பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். காலணி கழற்றிக் கிடக்கிறது. ஒரு பாதம் இன்னொரு பாதத்தின்மேல். “வேல முடிஞ்சு வரா போல” என்றார் மாரியம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தப் பெண் விழித்துக்கொள்ளக் கூடாது என்பதுபோலச் சொன்னார்: “எழுப்பாம எடுத்திருக்கான் பாரு தங்கச்சி, நல்ல மனுசன்.”

சிலிப்பர்

மறுநாள் மாரியம்மா தன்னோடு வேலை செய்யும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலை முடிந்து நேரே வந்திருந்தார்கள். காவலுக்கு நின்ற ஜாகா வாசலிலேயே மறித்துவிட்டான். சிலிப்பர் போட்டவர்களுக்கு அனுமதி இல்லையாம். காலையில் அரைக்கால் சட்டையும் ரப்பர் சிலிப்பருமாக ஒரு முதலாளி வந்தார். இதே ஜாகா அவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதைச் சொன்னேன். “மேனேஜர் ஆர்டர்” என்றான். நான் அவனை விலக்கிவிட்டுப் போய், போர்டில் இருந்ததை உரக்கப் படித்தேன். மாரியம்மா கூட்டம் உள்ளே வந்தது.

சத்தமே இல்லை. ஒன்றையும் தொடவில்லை. தூங்கும் பெண்ணின் முன் எல்லாரும் கூடி நின்றார்கள். ஒருத்தி தன் குதிகாலைத் தடவிவிட்டுக்கொண்டாள். அப்போதுதான் வாசனை பூசிய ஓர் அம்மையார் மூக்கைப் பொத்தினார். மேனேஜர் குமரேசன் என்னிடம் ஓடி வந்து, அவர்களை உடனே அனுப்பு என்று பல்லைக் கடித்தார். அவர் மெதுவாகச் சொன்னதாக நினைத்தார், எல்லாருக்கும் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மாரியம்மா துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டார்: “சண்ட போடாத தங்கச்சி. நாங்க பாத்தாச்சு, அத அவரு புடுங்கிக்க முடியாது.”

மேனேஜரிடம் கேட்டேன்

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நான் குமரேசனை விடவில்லை. அவர் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், அம்மா ரப்பருக்குப் பால்மரம் வெட்டியவர். இதெல்லாம் அவரே ஒரு தீபாவளி விருந்தில் சொன்னது. “சார், அவங்க என்ன திருடுனாங்களா, துப்புனாங்களா? நம்ம ஆளுங்கதானே. நீங்களே இப்படிப் பண்ணலாமா?” என்றேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “எங்கம்மாவும் அதே துண்டுதான் கட்டுவாங்க. அந்தப் பொம்பள மூக்கப் பொத்துனப்ப, எனக்கு அங்க நிக்க முடியல.”

எங்கே மாட்டுவீர்கள்?

என் வேலை போகவில்லை. ஆனால் கடைசி நாள் காலையில் அந்த ‘அனைவரும் வரலாம்’ போர்டைக் காணோம். ‘முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்’ என்று புதுப் போர்டு நின்றது. மாரியம்மா வரவில்லை. அன்று பிற்பகல் ஏலம் நடந்தது.

தூங்கும் பெண்ணை வாங்கியவர் நல்ல மாதிரியான இளைஞர், பணிவாகப் பேசினார். நான்தான் படத்தைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். மனது கேட்காமல், “வீட்டுல எங்க சார் மாட்டுவீங்க? ஜன்னல் பக்கம் வேணாம்” என்றேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. “மாட்டுறதா? ஐயோ, வெளிச்சம் பட்டா வெல எறங்கிடும் அக்கா. சிங்கப்பூர்ல ஏர்கோன் ஸ்டோர் இருக்கு, பெட்டிய தொறக்காம அப்படியே வச்சிடுவேன்.”

ஆக, உலகத்தின் தலைசிறந்த படங்களை இனி ஒருவர் கண்ணிலும் படாத இடத்துக்குப் பத்திரமாக வழியனுப்பி வைப்பதற்குத்தான், எனக்கு மாதச் சம்பளமும் கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் கொடுத்திருக்கிறார்கள்.