கெங்கம்மாளின் மூக்கு

துலுக்கானத்தின் மகள் கெங்கம்மாளுக்குச் சின்ன வயதில் ஒரு வேலை இருந்தது. சாயங்காலம் அப்பன் வரும் நேரத்தில் கொரட்டூர் ஏரிக்கரைக்கு ஓடிப்போய், அவனைக் கட்டிக்கொள்வது போல் நெருங்கி வாயை மோந்து பார்த்துவிட்டு, அவனுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிவர வேண்டும். கள் என்றால் அம்மா சோற்றை எடுத்து வைப்பாள். அவன் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுத் தூங்கிவிடுவான். கஞ்சா என்றால் பிள்ளைகளின் பங்கைத் தனியாக ஒளித்து வைப்பாள். அன்றைக்கு அவன் சிரித்துச் சிரித்தே பானையைக் காலி செய்வான். சாராயம் என்றால் அரிவாள்மனையை மறைத்துவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வைக்கோல்போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

எந்தப் போதை எவ்வளவு கெடுதல் என்பது இப்படித்தான் அவள் மனதில் பதிந்தது. கெடுதல் எதுவோ அது வாயில் நாறும். நாறாதது கெடுதல் இல்லை. ஒரு குழந்தை இந்த முடிவுக்கு வந்ததில் தப்பே இல்லை. அதை அவள் கடைசிவரை விடாததுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு மாசியில் துலுக்கானம் சாராயத்தோடு வாய்க்காலில் குப்புற விழுந்து செத்தான். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட அதில் இல்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது கெங்கம்மாள் நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. குடிக்காதவன் வேண்டும் என்றாள். வெள்ளானூரிலிருந்து தங்கவேலுக்குப் பரிசம் போட வந்த அன்று, தண்ணீர்ச் செம்பை நீட்டும் சாக்கில் மாப்பிள்ளை பக்கம் குனிந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். வெற்றிலை வாசம் மட்டும்தான் வந்தது. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அண்ணன் சின்னப்பையனிடமிருந்து புளித்த கள் நெடி அடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டாள். அன்றைக்கு ஆரம்பித்த வெறுப்பு அது.

தங்கவேல் செங்கல் சூளையில் கல் சுமப்பவன். வேலைக்குப் போன முதல் வருஷமே இடுப்பு பிடித்துக்கொண்டு, இருமலும் சேர்ந்து படுத்தான். சூளை மேஸ்திரி கடுகளவு அபினியை உருட்டி அவன் நாக்குக்கு அடியில் வைத்தான். வலி போயிற்று. பசியும் போயிற்று. பசிக்காத ஆள் இன்னும் நாலு நடை கூடச் சுமப்பான் என்பது மேஸ்திரிக்குத் தெரியும். கள்ளுக்கடையையும் அபினிக் கடையையும் ஒரே வெள்ளைக்காரச் சர்க்கார்தான் ஏலம் விட்டுக்கொண்டிருந்த காலம். மேஸ்திரி பூந்தமல்லி லைசென்சுக் கடையில் வாங்கிவந்து சூளை ஆட்களுக்கெல்லாம் பங்கு போடுவான். இடுப்பு வலி அந்த வருஷமே சரியாகிவிட்டது. அபினி மட்டும் கடுகிலிருந்து மிளகாக வளர்ந்தது.

இதெல்லாம் கெங்கம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. வயிற்றுப்போக்குக்கு அவள் அம்மாவே அபினி கொடுத்தவள்தான். அதனால் புருஷனைப் பற்றிப் பெருமை பேசினாள்.

“எங்கூட்டுக்காரரு குடிக்கிறதில்லக்கா. மருந்து சாப்டுறாரு, அவ்ளோதான்” என்பாள் ஓரகத்தி வேம்புலியம்மாளிடம். அவள் சின்னப்பையனின் பெண்டாட்டி; அடுத்த குடிசை.

“இன்னா மருந்துடி அது? தெனம் துன்னும் தீரலியே” என்பாள் வேம்புலியம்மாள்.

“அவரு ஒரு நாளு என்னை அடிச்சிக்கீறாரா, கேளு.”

வேம்புலியம்மாள் முந்தானையை முதுகோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் முதுகில் அடி வாங்கிய தழும்பு இருந்தது.

ஓர் ஆடியில் இரண்டு குடிசைகளிலும் ஒரே சமயத்தில் சரக்கு நின்றது. அம்மனுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊருக்குள் கள் இறக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. சின்னப்பையன் எரிந்து விழுந்தான், சட்டியை உடைத்தான், பிறகு இரண்டு வேளை நன்றாகத் தின்றுவிட்டு மண்வெட்டியோடு வேலைக்குப் போனான். எல்லாக் குடிகாரனும் இப்படிப் பிழைத்துவிடுவதில்லை, துலுக்கானம் பிழைக்கவில்லை. ஆனால் இவன் பிழைத்தான்.

அதே வாரம் மேஸ்திரி சொந்த ஊருக்குப் போய்த் திரும்பாததால் தங்கவேலுக்கு அபினி கிடைக்கவில்லை. அவனுக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர் ஒழுகியது. படுத்தால் கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. குடித்த கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. “எலும்பத் திருவுறாங்க, கெங்கா” என்று பச்சைப்பிள்ளை போல அழுதான்.

இரண்டையும் அவள் பார்த்தாள். எது ஆளைப் பிடித்துக்கொண்டு விடாதது என்று அங்கேயே விளங்கியிருக்க வேண்டும். அவளோ தலைகீழாகப் புரிந்துகொண்டாள். மருந்தை நிறுத்தியதால் உள்ளே இருந்த நோய் வெளியே வந்துவிட்டது என்று முடிவு கட்டி, பூந்தமல்லிக்கு நடந்தே போய் வாங்கிவந்து அவன் நாக்கடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து உட்கார்ந்து, அவளைப் பார்த்துச் சிரித்தான். அதற்குப் பிறகு யார் சொன்னால் அவள் கேட்பாள்? இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

அன்றிலிருந்து அபினி வாங்கி வைப்பது அவள் பொறுப்பாயிற்று. மிளகு பட்டாணியானது. தங்கவேல் இளைத்தான், சூளையில் நின்றபடியே தூங்கினான். புது மேஸ்திரி அவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். வீட்டில் சண்டையில்லை, சத்தமில்லை. அந்த அமைதியைத்தான் அவள் நல்ல குடித்தனம் என்று நினைத்தாள்.

எல்லம்மா பிறந்து, குப்புற விழுந்து தவழும் பருவத்தில் நடவு வந்தது. வரப்பில் தூளி கட்டும் தாய்மார்கள் விளக்கெண்ணெயில் துளி அபினியைக் குழைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவிவிட்டுத்தான் சேற்றில் இறங்குவார்கள். பிள்ளை அழுகிறதென்று நடுவில் கரையேறினால், மறுநாள் வேறொருத்தியை அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். கெங்கம்மாளும் தடவினாள். எல்லம்மா அழாத குழந்தை என்று பேர் வாங்கினாள்.

“இன்னாடி, பாலுக்குக் கூட அயமாட்டேங்குது? கையும் காலும் குச்சியா கீது” என்று வேம்புலியம்மாள் கவலைப்பட்டாள்.

“அவுங்க நைனா மாதிரிக்கா. சாது.”

மழை பிடித்துக்கொண்டதும் குழந்தையை வீட்டில் தங்கவேலிடம் விட்டுப்போனாள். ஒருநாள் குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தடவிவிட்டுப் போனாள். பிள்ளை வளர்ப்பு பெண்கள் சமாசாரம் என்பதால் அவனிடம் அதைச் சொல்கிற பழக்கம் இல்லை. மத்தியானம் குழந்தை எழுந்து சிணுங்கியிருக்கிறது. தங்கவேல் மடியில் போட்டு ஆட்டிப் பார்த்தான். பிறகு தன் சாயங்கால உருண்டையிலிருந்து கிள்ளி, அதன் வாயில் வைத்தான். தன் பங்கிலிருந்து அவன் வேறு யாருக்கும் கிள்ளிக் கொடுத்ததில்லை.

பொழுது சாயும்போது கெங்கம்மாள் வந்தாள். அப்பனும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் விட்டதா என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டாள், சூடு இல்லை. பழக்க தோஷத்தில் குனிந்து வாயை மோந்து பார்த்தாள். பால் வாசம் மட்டும் வந்தது. நிம்மதியாகப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு வடித்து முடித்த பிறகுதான் எழுப்பப் போனாள்.

பச்சைப்பிள்ளைகளைக் கொண்டுபோகிற செவ்வாப்பு நோய் என்றது ஊர். காலையில் தங்கவேல் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

“எம்பங்குலேர்ந்து கிள்ளிக் குட்த்தேனே, அப்பவும் பொயைக்கலியே.”

அதைக் கேட்டு எல்லோரும் அவனுக்காக அழுதார்கள். வேம்புலியம்மாள் மட்டும் அழுவதை நிறுத்திவிட்டு கெங்கம்மாளைப் பார்த்தாள்.

“நீயும் தடவிட்டுத்தானடி போன?”

“மருந்துதானக்கா” என்றாள் கெங்கம்மாள்.

ஏரிக்கரையில் சின்னப்பையன் குழி வெட்டி வைத்திருந்தான். ஊர் வெட்டியானைக் கூப்பிடாமல், தம்பி மகளுக்குத் தானே வெட்டினான். வெட்டிவிட்டு, துக்கம் தாங்காமல் ஒரு மொந்தை கள் குடித்துவிட்டு வந்து, குழந்தையை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினான். கெங்கம்மாளின் மூக்கு விரிந்தது.

“குடிச்சிட்டு எம்புள்ளயத் தொடாத, மாமா.”

சின்னப்பையன் கைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். வாயில் எந்த நெடியும் இல்லாத தங்கவேல்தான் குழந்தையை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தான். வழியில் கை நடுங்கக் கூடாதென்று, காலையிலேயே பட்டாணியளவு உருண்டையை அவள் எடுத்துக் கொடுத்திருந்தாள்.