மஞ்சள் சட்டைகளின் நடுவே

என் அத்தை கூடைப்பந்து ஆடுவாள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் ஆடி ஒருவரும் பார்த்ததில்லை. அப்பாவின் கடைசித் தங்கை அவள். மலைக்குக் கீழே, பழனிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருந்தது கூக்காலில்; பஸ் எப்போதாவதுதான் வந்துபோகும். கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்ததே அந்த ஆட்டத்தால்தான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அது எப்படிப்பட்ட ஆட்டம் என்று யாராவது கேட்டால், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பரணில் எதையோ வைப்பதுபோல் செய்து காட்டுவார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை கல்லூரியில் பரணில் சாமான் வைக்கிறாள், அதற்கு எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள் அத்தை போன் செய்தாள். கொடைக்கானலில் உள்ள ஒரு கல்லூரியோடு ஆட அவர்கள் அணி மலையேறி வருகிறதாம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்களும் அன்றைக்கு வந்து பார்க்கப்போகிறார்களாம்.

"இத்தன நாளும் நீ எறங்கி வரவே இல்ல. இப்ப நானே ஏறி வாறேண்ணே. வெள்ளனே கெளம்பிரு. பாப்பாவையும் கூட்டிட்டு வா," என்றாள்.

அம்மாவுக்குத் தோட்டத்தில் பூண்டு பிடுங்குகிற சோலி இருந்தது. அப்பாவும் நானும் கிளம்பினோம். காலை பஸ் வரவேயில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினால், பூம்பாறைக்கு அருகே ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. அதை அறுத்து ஓரம் தள்ளும்வரை அப்பா பஸ்ஸுக்கும் மரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். நாங்கள் அந்தக் கல்லூரியை அடைந்தபோது ஆட்டம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

ஆடுகளம் பள்ளத்தில் இருந்தது. அதன் ஒரு பக்கம், சரிவை வெட்டிக் கட்டிய கல் படிகளில் கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும். நாங்கள் நுழைந்த வாசல் படிகளின் உச்சியில் இருந்ததால் அப்படியே இறங்கினோம். அங்கே எல்லாரும் மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அது எதையும் உணர்த்தவில்லை. உட்கார இடம் கிடைக்குமா என்பதுதான் அவர் கவலை.

"எடம் இருக்குங்களா தம்பி?" என்று கேட்டார்.

"வாங்கண்ணா, வாங்க. பாப்பாவ முன்னாடி உக்கார வைங்க," என்று சில பையன்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அது படிகளின் ஓரம். பக்கத்தில் என் இடுப்பளவுக்கு ஒரு கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளம், பள்ளத்தின் அடியில் ரோடு.

எங்களுக்கு இடம் கொடுத்தவர்களில் ஒருவன் கழுத்தில் மேளம் மாட்டியிருந்தான். நல்ல உயரம். முகத்தில் பாதிக்கு மஞ்சள் பெயிண்ட் பூசியிருந்தான், மறுபாதி எல்லார் முகத்தையும் போல இருந்தது. அந்தப் பாதியால் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அந்தா, அத்தை," என்று அப்பா என் காதோடு சொன்னார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அரைக்கால் சட்டை போட்டு, முடியை இழுத்துக் கட்டி, வேர்த்து வழிய ஓடிக்கொண்டிருந்த ஒருத்தியைக் காட்டினார். அவள் பந்தைத் தட்டிக்கொண்டே இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, எம்பி, கூடைக்குள் போட்டாள். பரணில் வைப்பதுபோலவே இல்லை. கைதட்டலாம் என்று நான் கையைத் தூக்குவதற்குள் என்னைச் சுற்றி ஒரு சத்தம் கிளம்பியது.

அவர்கள் விடுதித் தட்டுகளையும் கரண்டிகளையும் கொண்டுவந்திருந்தார்கள். மேளம் அடிக்க அடிக்க, தட்டைத் தட்டிக்கொண்டு எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "எறங்கு, எறங்கு, மலைய விட்டு எறங்கு." அத்தை கையில் பந்து வரும்போதெல்லாம் அதே கத்தல். மற்றவர்கள் கைக்குப் பந்து போனால் நின்றுவிடும்.

"இவ நம்ம மலைக்காரிடா. கூக்காலாம். மலைத் தண்ணிய குடிச்சு வளந்துட்டு, கீழ இருக்கவனுக்கு ஆடுறா பாரு," என்று மேளக்காரன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். அடுத்த கத்தலில் அதுவும் சேர்ந்துகொண்டது. பிறகு அத்தையின் காலைப் பற்றி, நடையைப் பற்றி என்னென்னவோ சொன்னார்கள். அப்பா என் இரண்டு காதுகளையும் பொத்தினார். விரல் இடுக்கு வழியாக எனக்கு எல்லாமே விட்டுவிட்டுக் கேட்டது.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: இவர்களுக்கு அத்தையைப் பிடிக்கவில்லை. நாங்கள் அத்தையின் ஆட்கள். அது இவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வார்களோ.

"எந்த ஊரு பாப்பா?" என்று மேளக்காரன் திடீரென்று குனிந்து கேட்டான்.

நான் அப்பாவைப் பார்த்தேன். "இங்கிட்டு மேக்கதான் தம்பி," என்று அப்பா பொதுவாகச் சொல்லி வைத்தார். அவன் தன் பொட்டலத்திலிருந்து ஒரு கை வறுத்த கடலையை என் உள்ளங்கையில் கொட்டினான். நான் அதைத் தின்னவில்லை. கூக்கால்காரர்கள் கடலை தின்கிற விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவான் என்று தோன்றியது. கையை மூடிக்கொண்டேன்.

பிறகு மேகம் இறங்கியது. எதிர்ப்பக்கத்து நாற்காலிகள் முதலில் மறைந்தன, அதில் உட்கார்ந்திருந்த அத்தையின் ஆட்களும் மறைந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் ஆனது. அதற்குள்ளிருந்து ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. மிஞ்சியது ஆடுகளமும் எங்களைச் சுற்றி மஞ்சள் சட்டைகளும்தான். போய்விடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "இப்ப எந்திரிச்சா எல்லாரும் பாப்பாங்கம்மா, செத்த பொறு," என்றார். அவரும் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆட்டம் முடிய நொடிகள்தான் இருந்தன. அத்தையின் அணி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. அத்தை எம்பும்போது எதிரணிப் பெண் ஒருத்தி அவள் கையில் அடித்துவிட்டாள். ரெஃப்ரி விசில் ஊதி, அத்தைக்கு இரண்டு எறிதல் கொடுத்தார். கோட்டில் நின்று, யாரும் தடுக்காமல் எறியலாம். ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் அவர்களுக்கு வெற்றி. மேளக்காரன் தன் கூட்டாளியிடம் கவலையோடு விளக்கியதைக் கேட்டுத்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

தட்டுகள் அலறின. அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பந்தை இரண்டு தரம் தரையில் தட்டினாள், எறிந்தாள். கம்பியில்கூடப் படாமல் வலைக்குள் இறங்கியது.

மஞ்சள் கூட்டம் சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா. எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, கைதட்டிக்கொண்டிருந்தார்.

"யாருண்ணா நீங்க?" என்றான் மேளக்காரன்.

"எந்தங்கச்சி தம்பி அது," என்றார் அப்பா. அவர்களும் சேர்ந்து சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தவர்போல் சொன்னார்.

எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. "ஏலே, அண்ணனே இங்கதான் இருக்காரு. இது அவ மருமவடா," என்று யாரோ சொன்னார்கள். மேளக்காரன் மேளத்தைக் கழற்றி இன்னொருவனிடம் கொடுத்தான். நான் அப்பாவின் வேட்டியைப் பிடிப்பதற்குள் என் அக்குளில் இரண்டு கைகள் நுழைந்தன. தரை கீழே போனது. அவன் என்னைத் தன் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். அதோடு விட்டானா, எல்லாருக்கும் தெரியவேண்டும் என்று அந்தச் சுவரின் மேல் ஏறி நின்றான்.

"பாப்பா, அத்தைக்கு டாட்டா காட்டு," என்றான்.

எனக்கு இடப்பக்கம் கூட்டம். வலப்பக்கம் வெறும் வெள்ளை. நான் அவன் முடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். கடலை எங்கே போனதென்று தெரியவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்தேன், கத்தினால் அவன் அசைவான் என்று வாயைத் திறக்கவில்லை. கீழே அப்பா கையைக் கூப்பிக்கொண்டு, "தம்பி, புள்ள பயந்துக்குவா, எறக்கிருங்க தம்பி," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அவர் தோளில் கைபோட்டு, "சும்மா ஃபன்னுக்குத்தாண்ணா, டென்ஷன் ஆகாதீங்க," என்று சிரித்தார்கள். தட்டுகள் மறுபடியும் தொடங்கின. எறங்கு, எறங்கு.

அவ்வளவு உயரத்தில் இருந்ததால் அத்தையை நன்றாகப் பார்க்க முடிந்தது. கோட்டில் நின்றிருந்தாள். கையில் பந்து. கூடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஃப்ரி ஏதோ சொன்னார். அவள் அசையவில்லை. மறுபடி சொன்னார். அவள் பந்தைத் தட்டாமலேயே எறிந்தாள். அது கூடைக்கு ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது.

படிகள் இடிந்து விழுவதுபோல ஆரவாரம். மேளக்காரன் சுவரின் மேலேயே துள்ளினான். அப்போது என்னை அறியாமல் அந்தக் காரியம் நடந்துவிட்டது. அவன் துள்ளுவதை நிறுத்தி, தன் கழுத்தையும் சட்டையையும் தொட்டுப் பார்த்தான்.

"ஏலே, மழ பேஞ்சிருச்சுடா," என்றான். கூட்டமே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே இறங்கி, என்னைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் நிற்க வைத்தான். திட்டவில்லை. என் தலையில் கை வைத்தான், அதை எடுக்கவும் இல்லை. அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

சமமாக முடிந்ததால் கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆட வைத்தார்கள். அந்த நேரம் முழுக்க அத்தை ஒரு பந்தைக்கூடக் கூடையை நோக்கி எறியவில்லை. கைக்கு வந்ததை உடனே வேறு யாருக்காவது தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டுப் படிகளின் பக்கம் பார்ப்பாள். அவளுடைய அணிக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம் வெளியே நின்று, "போடு, போடு," என்று கத்தியும் போடவில்லை. மஞ்சள் அணி ஜெயித்தது.

விசில் ஊதியதும் அத்தை யாரோடும் கைகுலுக்கவில்லை. ஆடுகளத்தைத் தாண்டி, நேராகப் படியேறி வந்தாள். வழியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். மேளச் சத்தம் நின்றது. அவனை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

"புள்ளயக் குடுங்க," என்றாள்.

"சும்மா வெளாட்டுக்குத்தான் சிஸ்டர்."

"வெளாட்டெல்லாம் அந்தா கெடக்குல்ல கோடு, அதுக்கு உள்ள, தம்பி." குரலை உயர்த்தாமல் சொன்னாள். மூச்சு மட்டும் வாங்கியது.

அவன் கையை எடுத்துவிட்டான். எதையாவது செய்யவேண்டும் என்பதுபோல் முகத்தைத் துடைத்தான். மஞ்சள் மறுபாதிக்கும் பரவியது. "ஸாரி சிஸ்டர்," என்றான். அத்தை ஈரமாக இருந்த என்னை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்து மேலே நடந்தாள்.

கல்லூரி வாசலில் அவர்களுடைய வேன் நின்றது. அந்த மேடம் அத்தையைப் பார்த்தும் பேசாமல் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். மற்ற பெண்களும் அவளிடம் பேசவில்லை. ஒருத்தி மட்டும் அவள் பையைக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

"ஏன் தாயி, என்ன ஆச்சு?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"குளுருல கை வெறச்சுப் போச்சுண்ணே," என்றாள் அத்தை.

அப்பா தலையாட்டினார். மார்கழிக் குளிரில், விடியும் முன்னால், ஓடைத் தண்ணீரில் அவரோடு சேர்ந்து மூட்டை மூட்டையாகக் கேரட் கழுவிய கை அது. அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். வேன் ஹாரன் அடித்தது. மேகத்துக்குள் அது இறங்கி மறைந்தபிறகும் அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

பல்கலைக்கழக அணிக்கு அந்த வருடம் அத்தையை எடுக்கவில்லை. அடுத்த வருடம் முழங்காலில் அடிபட்டது. இப்போது ஆயக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருக்கிறாள். அந்த ஆட்டத்தைப் பற்றி அவளும் அப்பாவும் பேசி நான் கேட்டதில்லை.

நான் மட்டும் ஒருதரம் கேட்டேன். அந்த ஆட்டத்துக்குப் பிறகு வந்த விடுமுறைக்கு அவள் கூக்காலுக்கு வந்திருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "முதல் பந்து விழுந்துச்சே, ரெண்டாவது ஏன் அத்தை விழல?" என்றேன்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "நீ அன்னைக்கி செவப்பு ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தேல்ல. அந்த மேகத்துக்குள்ள அது ஒண்ணுதான் தெரிஞ்சுச்சு. கண்ணு அங்கனயே போயிருச்சு," என்றாள்.

அன்று சாயங்காலமே அந்த ஸ்வெட்டரைக் கொண்டுபோய் உரச் சாக்குகளுக்கு அடியில் திணித்துவிட்டேன். குளிர்காலம் தொடங்கியதும் அம்மா அதைத் தேடினாள். காணோம் என்றேன். புதிதாக வேறு வாங்க வேண்டியதாயிற்று. என்ன நிறம் வேண்டும் என்று அம்மா கேட்டபோது, அத்தையின் கண்ணில் படாத நிறமாகப் பார்த்து வாங்கச் சொன்னேன்.