மாமி எடுத்த கல்யாணப் படம்

என் மாமி பிலிப்பைன்ஸ்காரி. இதைச் சொன்னால் இன்றைக்கும் சனம் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்க்கும். தாய்மாமனைக் கட்டியவர் மாமிதானே, இதில் என்ன புதினம் என்று சின்ன வயதில் எனக்கு விளங்காது. பாரிஸின் லாச்சப்பல் பகுதியில், பெர்தொனே தெருவில், மணவறை வாடகைக்கு விட்டு, பெண்ணுக்குச் சேலை உடுத்தி, தலை அலங்காரம் செய்து அனுப்பும் கடை அவருடையது. எங்கள் தமிழ் ஆட்களின் தெருவில் இப்படியொரு கடையை வெளிநாட்டுக்காரி ஒருவர் திறந்தது அதுதான் முதல் தடவை. பாதி லாச்சப்பல் அவருடைய மணவறையில்தான் தாலி கட்டியது. ஆனால் மாமாவும் அவரும் நகரசபையில் வெறுமனே கையெழுத்து வைத்துக் கல்யாணம் பதிந்தபோது எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. போகக்கூடாது என்று மாமாவின் மூத்த அக்காவான பெரியம்மா ஒற்றைக் காலில் நின்றாராம்.

கடை நன்றாக ஓடத் தொடங்கியதும், மாமி தமிழ்ப் படம் எடுக்கப் போகிறார் என்று கதை வந்தது. மாமி நடிக்கப் போகிறார் என்று நான் துள்ளினேன்.

"நடிக்கேல்லை. அவ தயாரிப்பாளர்," என்றார் அம்மா.

"அப்ப என்ன செய்வா?"

"தான் ஒண்டும் செய்யமாட்டா. எல்லாத்தையும் செய்விப்பா."

எனக்கு இன்னும் குழம்பிப் போயிற்று.

படத்தில் ஒரு கல்யாணக் காட்சி. பாரிஸுக்கு வெளியே எபினேயில் மண்டபம் வாடகைக்கு எடுத்து, சொந்தக்காரர் எல்லோருக்கும் மாமி சொல்லி அனுப்பினார். உண்மைக் கல்யாணத்துக்குப் போகாத சனம் பொய்க் கல்யாணத்துக்கு நகையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து இறங்கியது. பெரியம்மா தன்னுடைய கல்யாணக் கூறைச் சேலையையே உடுத்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

"படத்திலை வடிவா விழவேணுமெல்லோ!"

ஐயர் உண்மை, மேளம் உண்மை, சாப்பாடும் உண்மை. பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் பொய். தாலி கட்டியதும் நாங்கள் அறுகரிசி போட்டு வாழ்த்தினோம். உடனே இயக்குநர் அண்ணை "கட்!" என்று கத்தினார். பெரியம்மா கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். கட்டிய தாலியைக் கழற்றினார்கள்.

"அம்மா, தாலியைக் கழட்டலாமோ?"

"வாயை மூடு!"

மறுபடி கட்டினார்கள். யாருடைய போனோ அடித்தது. திரும்பவும் கழற்றினார்கள். சாம்பார் வாளியோடு ஓரத்தில் நின்ற மாமா, பசியோடு இருந்த எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். ஒருவழியாக இயக்குநர் அண்ணைக்குத் திருப்தி வந்தது. பெண் மாலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். கமராவை மூடினார்கள்.

அப்போதுதான் மாமி, "இன்னொருக்கா," என்றார்.

"எல்லாம் எடுத்தாச்சு அக்கா," என்றார் இயக்குநர் அண்ணை.

மாமி மாமாவைக் கூப்பிட்டார். மாமா வாளியை வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாமி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கறுப்புக் காற்சட்டையோடு மணவறையில் ஏறி இருந்தார். பக்கத்தில் மாமா இருந்தார்.

"றெடியோ?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார் மாமி. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஒருவரும் அசையவில்லை. எனக்கு மாமியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏனென்றுதான் தெரியவில்லை.

பெரியம்மா எழும்பினார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நேரே போய்த் தட்டிலிருந்து அறுகரிசியை அள்ளினார். மேளகாரர் பக்கம் திரும்பி, "என்ன பார்த்துக்கொண்டு இருக்கிறியள்? அடியுங்கோ!" என்று அதட்டினார்.

மேளம் முழங்கியது. சனம் எழும்பி வந்தது. நான் ஓடிப்போய்ப் பெரியம்மாவின் சேலையை இழுத்தேன்.

"பெரியம்மா, கமரா ஓடேல்லை! இது படத்திலை வராது!"

"தெரியும். நீ பேசாமல் அரிசியைப் போடு."

அவர் அழுதுகொண்டிருந்தார். மணவறையில் மாமியும் அழுதார். படத்திலேயே வராத கல்யாணத்துக்கு இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று விளங்காமல், நானும் கை நிறைய அள்ளிப் போட்டேன்.